சக்தி நாளங்களும் மனித சுபாவமும்



ஞாயிறு மதியப் பூசைக்குப் பின்னர் மண்டபத்துப் பின்னறையில் நடக்கும் எமது சிந்தனை வகுப்பை நீங்கள் அறிவீர்கள். வடையும் தேநீரும் அந்த அறையிலேயே பரிமாறப்படுவதால் கூட்டத்துக்குக் குறைவிருப்பதில்லை. சென்ற மாரியில் ஒரு நாள் வகுப்பு அன்பர் ஒருவர் பெரிய வர்ணப் படம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து சுவரில் ஒட்டினார். ஒரு மனித உருவம். தலை முதல் கால் வரை பன்னிரண்டு நிறங்களில் பன்னிரண்டு கோடுகள். சீனரின் அக்குபங்சர் வைத்தியத்தில் பேசப்படும் சக்தி நாளங்கள் அவை. ஒவ்வொரு கோட்டின் அருகிலும் ஓர் உறுப்பின் பெயர், அதன் கீழே அந்த உறுப்புக்குரிய மனிதரின் குணம். கல்லீரல் என்றால் கோபக்காரர், முன்னின்று நடத்துபவர். இருதயம் என்றால் கலகலப்பானவர். மண்ணீரல் என்றால் ஊருக்கெல்லாம் கவலைப்படுபவர். நுரையீரல் என்றால் துயரத்தை விடாது பிடித்து வைத்திருப்பவர். சிறுநீரகம் என்றால் பயந்தவர், ஆழ்ந்து யோசிப்பவர்.

அன்று வகுப்பு களைகட்டியது. ஒருவர் பென்சிலை எடுத்து எமது பொருளாளரின் பெயரைக் கல்லீரலுக்குப் பக்கத்தில் எழுதினார். எல்லோரும் சிரித்தோம். அதன்பின் பென்சில் கை மாறி மாறிப் போயிற்று. ஒவ்வொருவர் பெயரும் ஏதோவோர் உறுப்பின் அருகே ஏறியது. சமையலறையில் எப்போதும் நிற்கும் அக்கா மண்ணீரலுக்குப் போனார். அதற்கு முந்திய மாரியில் கணவரை இழந்த அம்மா ஒருவர் சுவரோரமாகக் கதிரையில் இருந்தார். அவர் பெயரை நாங்களே நுரையீரலுக்குப் பக்கத்தில் எழுதினோம்.

அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். விடியப்புறம் மூன்று மணி போல் மூச்சு முட்டி எழும்பி உட்கார்ந்துவிடுவதாகவும் சொன்னார். படத்தின் அடியில் ஒரு கடிகாரமும் வரையப்பட்டிருந்தது. ஒவ்வொரு நாளத்துக்கும் இரண்டு மணி நேரம் உரியது. விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை நுரையீரலின் நேரம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? துயரம் நுரையீரலில் தேங்கி நிற்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, தோள்பட்டை எலும்பின் கீழே மார்பின் மேற்புறத்தில் இருக்கும் நுரையீரல் நாளத்தின் முதற்புள்ளியைக் காட்டி, காலையும் மாலையும் அழுத்தச் சொன்னோம். அவரும் அழுத்தினார். ஏழு வாரம் அழுத்தினார்.

ஏழாவது வாரம் வேறு ஊரிலிருந்து வந்த மகள், தாயார் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து படுப்பதைக் கண்டு அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிப் போனார். இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களில் இரண்டு அடைபட்டிருந்தன. இருதயத்தின் பம்பு வேலையும் தளர்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று வைத்தியர் சொன்னதை இங்கே எழுத எங்களுக்கு மனமில்லை.

இந்தக் கட்டுரை அதனால்தான் எழுதப்படுகிறது. படத்தைக் கிழித்தெறிந்து சீனரைக் குறை சொல்வது எளிது. அப்படிச் செய்யாமல், அந்தப் படத்தில் எது பழையது, எது புதியது, எதை நாங்களாக ஒட்டவைத்தோம் என்று சில மாதங்களாக ஒழுங்காகப் படித்துப் பார்த்தோம். படித்ததை உங்களுடன் பகிர்கிறோம்.

நாளமும் நாடியும்

முதலில் பெயர். சீனர் தம் மொழியில் உயிர்ச்சக்தியைச் 'சீ' என்கிறார்கள். தமிழில் அப்படி எழுதினால் யாரையோ ஏசுவது போலிருக்கும் என்பதால் உயிர்ச்சக்தி என்றே எழுதுகிறோம். அது ஓடும் பாதையை அவர்கள் 'மாய்' என்பார்கள். இந்தச் சொல்லுக்கு இரத்தக் குழாய் என்றும் பொருள், மணிக்கட்டில் துடிக்கும் துடிப்பு என்றும் பொருள். நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. தமிழில் 'நாடி' என்ற ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கிறது அல்லவா? வைத்தியர் 'நாடி பிடித்துப் பார்க்கிறார்'; யோக நூல்களோ இடகலை, பிங்கலை, சுழுமுனை என்று நாடிகளைப் பாதைகளாகச் சொல்கின்றன. சித்த வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்க்கிறார். சீன வைத்தியரும் மூன்று விரல்தான் வைக்கிறார். ஆனால் ஒவ்வொரு கையிலும் மூன்று உறுப்பாக ஆறு இடம் பார்க்கிறார். இரண்டு கணக்கும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று சொல்லவும் நாம் துணியவில்லை.

'சக்தி மெரிடியன்' என்று இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் சீனப் பெயரே அல்ல. சீனாவில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரரான சூலியே த மொரான் (1878–1955) என்பவர் தம் நூல்களில் உயிர்ச்சக்தியை 'எனர்ஜி' என்றும் பாதையை, பூகோளப் படத்தில் வரும் நெடுங்கோட்டின் பெயரான 'மெரிடியன்' என்றும் பெயர்த்தார். அந்தப் பெயர்ப்பே நிலைத்துவிட்டது. மின்கம்பி போல உடலுக்குள் ஏதோ ஓடுகிறது என்ற படம் நம் மனதில் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். உடலை அறுத்துப் பார்க்கும் மருத்துவம் இந்த நாளங்களுக்கென்று தனிக் குழாயோ நரம்போ இருப்பதாக இன்றுவரை உறுதிசெய்யவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

பழைய நூல்களில் உள்ளது என்ன?

சீனாவின் ஹூனான் மாகாணத்தில் மாவாங்துய் என்ற இடத்தில் 1973ஆம் ஆண்டு ஒரு பழைய கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை அது. உள்ளே பட்டுத்துணியில் எழுதிய வைத்தியச் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் நாளங்கள் பேசப்படுகின்றன. ஆனால் பன்னிரண்டல்ல, பதினொன்றுதான். ஊசி குத்தும் புள்ளிகள் பற்றி ஒரு பேச்சும் இல்லை; மூலிகைத் திரியைக் கொளுத்திச் சூடு காட்டும் முறையே சொல்லப்படுகிறது. பன்னிரண்டு என்ற கணக்கு அதன்பின் 'மஞ்சள் பேரரசரின் உள்நூல்' என்னும் ஹுவாங்தி நெய்ஜிங்கில் முழுமையாக வருகிறது. அரசர் கேட்க வைத்தியர் பதில் சொல்வதாக அமைந்த இந்நூல், சு வென், லிங் ஷு என இரு பாகங்களும் பாகத்துக்கு 81 அத்தியாயங்களும் கொண்டது. குருவும் சீடனும் பேசுவதாக நூல் எழுதும் முறை நமக்கும் பழக்கமானதுதான்.

நாளத்துக்கும் மனதுக்கும் தொடர்பு இந்த நூல்களில் இருக்கிறதா? இருக்கிறது. இரைப்பை நாளம் கெட்டுப்போனால் நோயாளிக்கு மனிதரையும் நெருப்பையும் பிடிக்காது. மரம் தட்டும் ஓசை கேட்டாலும் திடுக்கிடுவார். கதவு யன்னலைச் சாத்திவிட்டுத் தனியே இருக்க விரும்புவார். நோய் முற்றினால் உயரமான இடத்தில் ஏறிப் பாடுவார், உடுப்பைக் களைந்துவிட்டு ஓடுவார் என்று எழுதியிருக்கிறார்கள். சிறுநீரக நாளம் கெட்டால் பசி இருக்கும், சாப்பிட மனமிராது. யாரோ பிடித்துக்கொண்டு போக வருவது போல நெஞ்சு பதைக்கும். வாசிக்கையில் எங்களுக்குச் சிலிர்த்தது. மனநோய் கண்ட ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான் இப்படி எழுத முடியும்.

கவனியுங்கள், இவையெல்லாம் நோயின் அடையாளங்கள். வந்து போகிறவை. இரைப்பைக்காரர் என்று ஒரு வகை மனிதர் இருப்பதாக அந்த இடத்தில் யாரும் சொல்லவில்லை.

உறுப்புக்கும் உணர்ச்சிக்கும் உள்ள அட்டவணையும் பழையதே. கல்லீரலுக்குக் கோபம், இருதயத்துக்கு மகிழ்ச்சி, மண்ணீரலுக்கு யோசனை, நுரையீரலுக்குத் துயரம், சிறுநீரகத்துக்குப் பயம் என்பது சு வென் பாகத்தில் உள்ளது. ஆனால் அட்டவணையைவிட எங்களைக் கவர்ந்தது அதே பாகத்தில் இன்னோர் இடம். கோபத்தில் உயிர்ச்சக்தி மேலே ஏறுகிறது, மகிழ்ச்சியில் தளர்கிறது, துயரத்தில் கரைந்து குறைகிறது, பயத்தில் கீழே இறங்குகிறது, அதிக யோசனையில் முடிச்சு விழுகிறது என்ற கருத்து அங்கே வருகிறது. இதை வகுப்பில் வாசித்தபோது ஒரு பெரியவர், "இது எங்கட ஆச்சியும் சொன்னதுதானே" என்றார். உண்மைதான். கோபம் 'தலைக்கேறுகிறது' என்கிறோம். பயத்தில் 'வயிற்றைக் கலக்குகிறது', சின்னப் பிள்ளை என்றால் நின்ற இடத்திலேயே நனைத்துவிடுகிறது. துயரத்தில் ஆள் 'உருகிப் போகிறார்'. யோசனையில் 'சோறு இறங்குதில்லை'. உணர்ச்சி உடம்பில் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதில் சீனரும் தமிழரும் ஏறக்குறைய ஒன்றையே கண்டிருக்கிறார்கள்.

உறுப்பின் பெயர் சொல்லும்போதுதான் வழி பிரிகிறது. சீனருக்குப் பயம் சிறுநீரகத்தில், தைரியம் பித்தப்பையில். கோழையை அவர்கள் 'சின்னப் பித்தப்பைக்காரன்' என்பார்கள். நமக்கோ பயத்தில் 'ஈரற்குலை நடுங்குகிறது'. சீனர் கோபத்தை வைத்த அதே ஈரலில் நாம் பயத்தை வைத்திருக்கிறோம். பெற்ற தாயின் வேதனைக்கு நமக்கு வயிறு எரிகிறது. பொறாமைக்கும் அதே வயிறுதான். பித்தம் என்றால் சித்த வைத்தியத்தில் சூடு, பேச்சுவழக்கில் பைத்தியம், பாட்டில் காதல். எந்த உறுப்பில் எந்தக் குணம் என்று உடம்பே எழுதி வைத்திருக்குமானால் இரண்டு இனத்துக்கும் ஒரே விடையல்லவா வந்திருக்க வேண்டும்?

மனித வகைகள்

மனிதரை வகை பிரிக்கும் பழக்கமும் பழைய நூலில் உண்டு. லிங் ஷு பாகத்தின் 64ஆம் அத்தியாயம் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என ஐந்து வகை மனிதரைச் சொல்லி, ஒவ்வொன்றையும் ஐந்தாக்கி 25 வகை காட்டுகிறது. எங்கள் சுவர்ப்படத்தின் மூலம் இதுதான் என்று நினைத்து ஆவலோடு பார்த்தோம். ஏமாந்தோம் என்று சொல்வதா, கண் திறந்தது என்று சொல்வதா?

சுவர்ப்படத்தில் மரம் என்பது கல்லீரல். கோபக்காரர், துணிந்து முன்செல்பவர். பழைய நூலின் மர மனிதரோ நீண்ட முகமும் அகன்ற தோளும் உடையவர், திறமைசாலி, மூளையால் உழைப்பவர், உடல் வலு குறைந்தவர், நிறையக் கவலைப்படுபவர். கோபம் பற்றிப் பேச்சே இல்லை. சுவர்ப்படத்தில் நீர் என்பது சிறுநீரகம், பயந்தவர், ஞானி. பழைய நூலின் நீர் மனிதருக்குப் பயமும் இல்லை, மரியாதையும் இல்லை, பிறரை ஏமாற்றுவதில் கெட்டிக்காரர்! சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் பெயர் எழுதப்பட்டிருந்த எமது அன்பர் இதைக் கேட்டு ஒரு கிழமை எங்களுடன் பேசவில்லை.

ஆக, உறுப்பும் உணர்ச்சியும் சேர்ந்த அட்டவணை ஒன்று, மனித வகை பிரிக்கும் அட்டவணை வேறொன்று. இரண்டையும் ஒன்றாகத் தைத்து, 'நீங்கள் இந்த நாளத்துக்காரர், ஆகவே உங்கள் குணம் இது' என்று சொல்லும் வழக்கம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் வேலை. இங்கிலாந்தில் ஜே. ஆர். வொர்ஸ்லி (1923–2003) என்பவர் ஐந்து பூதங்களை அடிப்படையாகக் கொண்ட அக்குபங்சர் முறையொன்றைக் கற்பித்தார்; ஒவ்வொருவருக்கும் அடியில் ஒரு பூதம் பிறழ்ந்திருக்கும், அதைக் குரல், முகநிறம், மணம், உணர்ச்சி கொண்டு கண்டுபிடிக்கலாம் என்பது அவர் கொள்கை. 1991இல் அமெரிக்காவில் வெளிவந்து பெரிதும் வாசிக்கப்பட்ட ஒரு நூல் ஐந்து பூதங்களையும் முன்னோடி, மந்திரவாதி, சமாதானக்காரர், இரசவாதி, தத்துவஞானி என்று ஐந்து மனிதப் பாத்திரங்களாகவே ஆக்கியது. இவற்றை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. நோயாளியை உறுப்புகளின் மூட்டையாகப் பார்க்காமல் முழு மனிதராகப் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் ஆசை. ஆனால் வைத்தியரின் கையில் இருந்த கேள்வி, சுவர்ப்படத்துக்கு வரும்போது விடையாகிவிட்டது.

கொரியாவின் கதை சற்று வேறு. லீ ஜே-மா (1837–1900) என்பவர் 1894இல் எழுதி முடித்த நூலில் மனிதரை நான்காகப் பிரித்து, சிலருக்கு நுரையீரல் வலியது கல்லீரல் மெலியது, சிலருக்கு மண்ணீரல் வலியது சிறுநீரகம் மெலியது என்று, குணத்தையும் உறுப்பையும் வேண்டுமென்றே இணைத்தார். கொரிய மரபு வைத்தியர் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றனர். நமது வாத தேகி, பித்த தேகி, கப தேகி என்ற பிரிவும் இதற்குக் கிட்டிய உறவுதான். பித்த தேகிக்குச் சீக்கிரம் பசிக்கும், சீக்கிரம் கோபம் வரும் என்பார்கள். ஆயினும் திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் முதற்குறள் இந்த மூன்றையும் சொல்லும்போது, கூடினாலும் குறைந்தாலும் நோய் என்ற பொருளில்தான் சொல்கிறது.

நாங்கள் செய்து பார்த்த சோதனை

அப்படியானால் சுவர்ப்படம் எல்லோருக்கும் பொருந்தியது எப்படி? 1948இல் அமெரிக்க உளவியல் ஆசிரியர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு குணப் பரீட்சை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அவரவர் குணவிளக்கம் எழுதியதாகச் சொல்லித் தாள் கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லாத் தாளிலும் ஒரே வாசகம். அதையும் கடையில் வாங்கிய ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

நாங்களும் செய்தோம். 'வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளே தயங்குபவர், பிறருக்காக உழைத்தும் போதிய நன்றி கிடைக்காதவர்' என்ற ரீதியில் ஒரு பக்கம் எழுதி, மேலே வெவ்வேறு உறுப்பின் பெயரை மட்டும் மாற்றி உறையில் போட்டுக் கொடுத்தோம். தலைகள் ஆடின. "என்னை அப்படியே எழுதியிருக்கு" என்று ஒருவர் கண் கலங்கினார். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து "இது என்னுடையதெல்லோ!" என்றபோதுதான் குட்டு வெளிப்பட்டது. எப்படியும் ஆலயத் தொண்டர்களில் நன்றி போதவில்லை என்று நினைக்காதவர் யார்?

ஜாங் வைத்தியரின் மருந்து

பழைய சீன வைத்தியர்கள் இந்த அட்டவணையை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு ஒரு கதை. ஜாங் சொங்ஜெங் (1156–1228) புகழ்பெற்ற வைத்தியர். ஒரு பணக்கார வீட்டுப் பெண் அதிக யோசனையால் இரண்டு வருடத்துக்கு மேலாகத் தூக்கமின்றி இருந்தார். எந்த மருந்தும் பலிக்கவில்லை. ஜாங் நாடி பிடித்துப் பார்த்தார். யோசனை மண்ணீரலைப் பிடித்திருக்கிறது என்றார். கோபம் யோசனையை வெல்லும் என்பது பழைய விதி. ஆகவே கணவரை இரகசியமாக அழைத்துப் பேசி வைத்துக்கொண்டு, கையை நீட்டி நிறையப் பணம் வாங்கினார். அந்த வீட்டிலேயே தங்கி நாள்கணக்கில் மது குடித்தார். ஒரு மருந்தும் எழுதாமல் நடையைக் கட்டினார். அந்த அம்மாளுக்கு வந்த கோபத்தில் உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. அன்றிரவே தூக்கம் வந்தது. எட்டு ஒன்பது நாள் எழும்பவில்லையாம்; பின்பு பசி எடுத்தது, நாடியும் சமமாயிற்று.

கதையில் மிகைப்படுத்தல் இருக்கலாம். நாங்கள் பார்ப்பது வேறு. ஜாங் அந்தப் பெண்ணை 'மண்ணீரல்காரி' என்று பெயர் சூட்டி விட்டுவிடவில்லை. இரண்டு வருடமாக வீட்டில் என்ன நடக்கிறது, என்ன செய்தால் இவருக்குக் கோபம் வரும், கணவர் ஒத்துழைப்பாரா என்றெல்லாம் யோசித்திருக்கிறார். பலன் வந்ததா என்று நாடியையும் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் எமது அம்மாவிடம் ஏழு வாரத்தில் ஒரு தடவைகூட "இப்ப எப்பிடி இருக்குது?" என்று ஒழுங்காகக் கேட்கவில்லை.

துயரம் உடலைத் தாக்கும் என்பதில் மட்டும் ஐயமில்லை. 1990இல் யப்பானிய வைத்தியர்கள் ஓர் இருதய நோயை விபரித்தார்கள். மரணச் செய்தி போன்ற பேரதிர்ச்சிக்குப் பின், பெரும்பாலும் வயது வந்த பெண்களுக்கு, இருதயத்தின் இடது கீழறை திடீரெனப் பலூன் போல உப்பி வலுவிழக்கிறது. அந்த வடிவம் யப்பானிய மீனவர் ஒக்டோபஸ் பிடிக்கும் பானை போல இருப்பதால் அந்தப் பானையின் பெயரான 'தகோட்சுபோ' என்பதையே வைத்தார்கள். துயரம் போய்த் தாக்கியது நுரையீரலை அல்ல, இருதயத்தை. எமது அம்மாவுக்கு வந்தது இந்த நோயல்ல, சாதாரண அடைப்பு. ஆனாலும் துயரம் என்றதும் நுரையீரல் என்று நாங்கள் ஓடியது எவ்வளவு தவறு என்பதை இது எங்களுக்குக் காட்டியது.

நமது தெற்காசிய மக்களிடம் இருதய நோய் அதிகம், இள வயதிலும் வருகிறது. பெண்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத் திணறல், முதுகு அல்லது தாடை நோவு, குமட்டல், காரணமில்லாத களைப்பு என்று வரலாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். திடீரென்று வந்தால் அம்புலன்சைக் கூப்பிடுங்கள். இந்தப் பந்தியைப் பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பகுதியிலும் போட்டிருக்கிறோம். தொலைபேசி எடுக்கப்போவது அனேகமாக அவர்கள்தான்.

அந்த அம்மா குழாயில் வலைச்சுருள் பொருத்தி, மருந்தோடு தேறி, பங்குனியில் வகுப்புக்கு வந்தார். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "நீங்கள் காட்டின இடத்தை அமத்தி அமத்தித் தோல் கண்டிப் போச்சு, பிள்ளையள்" என்று சொல்லிச் சிரித்தார். பொருளாளர் சுவர்ப்படத்தைக் கழற்றப் போனார். "படம் வடிவாயிருக்கு, கிழிச்சுப் போடாதேங்கோ. என்ர பேரை மட்டும் அழிச்சு விடுங்கோ" என்றார் அம்மா. அழிறப்பர் கொண்டுவந்து அவர் பெயரை அழித்தோம். பிறகு மற்றப் பெயர்களையும் அழித்தோம். பொருளாளர் கல்லீரலுக்குப் பக்கத்தில் மிகவும் அழுத்தி எழுதப்பட்டிருந்தபடியால் அவர் பெயரின் தடம் மட்டும் இன்னும் தெரிகிறது.